தசைநாண் காயத்துக்குத் தட்டணு ஊசி: எங்கே உதவும், எங்கே உதவாது

வடகிழக்குப் பருவமழை மாதங்களில் ‘பிளேட்லெட் எவ்வளவு இருக்கிறது?’ என்று ஒருமுறையாவது கேட்காத சென்னைக் குடும்பம் அரிது. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கவேண்டிய தட்டணுக்கள் டெங்குக் காய்ச்சலில் மளமளவென்று குறையும்போது ஏற்படும் பதற்றம் நமக்கு நன்றாகத் தெரியும். இரத்தக் கசிவை அடைப்பது அவற்றின் முதல் வேலை. காயம்பட்ட இடத்துக்குப் பழுதுபார்க்கும் செல்களை வரவழைக்கும் புரதங்களை வெளிவிடுவது இரண்டாவது வேலை. இந்த இரண்டாவது வேலையை நம்பித்தான், முதலில் முடி உதிர்வுக்கென்று நகரத்துக்கு அறிமுகமான ‘பி.ஆர்.பி.’ ஊசி (நோயாளியின் இரத்தத்திலிருந்தே தட்டணுக்களைச் செறிவூட்டி எடுப்பது), இன்று தோள்பட்டை, முழங்கை, குதிகால் வலிகளுக்கும் எலும்பு மருத்துவமனைகளில் பரிந்துரைக்கப்படுகிறது. அதைவிடப் பெரிய வாக்குறுதியோடு, பிற செல்களாக மாறக்கூடிய மூலச் செல்களைச் செலுத்தும் ‘ஸ்டெம் செல்’ சிகிச்சையும் பின்னால் வந்து நிற்கிறது. இவ்விரண்டும் ஒரே தட்டில் வைத்துப் பேசப்படுகின்றன; ஆனால் ஆதாரத்திலும் சட்ட நிலையிலும் இவற்றுக்கிடையே உள்ள தூரம் பெரிது. நோயாளி ஒருவர் பணத்தையும் மாதங்களையும் செலவழிப்பதற்கு முன் அந்தத் தூரத்தை அறிந்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரைக்குக் காரணம்.

தசையை எலும்போடு இணைக்கும் உறுதியான பட்டைதான் தசைநாண். தேங்காய்நார்க் கயிற்றில் இழைகள் புரியாகி, புரிகள் சேர்ந்து வடமாவதைப் போல, கொலாஜன் என்ற புரதத்தின் முதல் வகை இழைகள் கற்றை கற்றையாக, இழுவிசை வரும் திசையிலேயே அடுக்கப்பட்டு அமைந்தது அது. அந்த அடுக்குதான் அதன் பலம். மெதுவாக ஆறுவதற்கான காரணமும் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. இழைகளுக்கிடையே செல்கள் மிகக் குறைவு, இரத்த ஓட்டமும் குறைவு. குதிகால் எலும்புக்கு 2 முதல் 6 செ.மீ. மேலே உள்ள பகுதியில் இரத்த ஓட்டம் குறிப்பாகக் குறைவு என்பதும், குதிகால் தசைநாண் பெரும்பாலும் அந்தப் பகுதியிலேயே கிழிகிறது என்பதும் மருத்துவர்கள் நீண்ட காலமாகக் கவனித்துவரும் உண்மை. காயம்பட்ட தசைநாண் முதல் சில நாட்கள் அழற்சியில் இருக்கும். அடுத்த சில வாரங்களில் ஒழுங்கற்ற, பலம் குறைந்த மூன்றாம் வகைக் கொலாஜன் அவசர அவசரமாக நிரம்பும். அதை அகற்றி முதல் வகை இழைகளை மீண்டும் ஒழுங்காக அடுக்கும் கட்டம் மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடத்துக்கும் மேலாக நடக்கும். வலி நின்ற நாளும் தசைநாண் பலம் பெற்ற நாளும் ஒன்றல்ல என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

காயம் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் இங்கே இரண்டு வேறு நிலைகள் உள்ளன. கண்ணாடியோ இயந்திரமோ வெட்டி முழுதாக அறுந்துபோன தசைநாணுக்கு எந்த ஊசியும் மாற்றாகாது. அதைத் தைத்துச் சேர்க்கவேண்டும், அதுவும் விரைவாக. கைவிரல்களின் தசைநாண்களை அப்படிச் சேர்ப்பதில் ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவை சிகிச்சைப் பிரிவு அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட அனுபவம் கொண்டது. பட்டறை விபத்தில் விரல் மடங்காமல் போனவர் முதலில் செல்லவேண்டிய இடம் அத்தகைய பிரிவுதான். பி.ஆர்.பி. ஊசியைப் பற்றிய பேச்செல்லாம் இரண்டாவது நிலையைச் சார்ந்தது: அறுந்துபோகாமல், திரும்பத் திரும்ப வரும் பளுவால் உள்ளுக்குள் சிதைந்து, மாதக்கணக்கில் வலிக்கும் தசைநாண். நாள் முழுதும் மாவைப் பிசைந்து வீசும் பரோட்டா மாஸ்டரின் முழங்கை, குடம் குடமாகத் தண்ணீர் தூக்கும் பெண்ணின் தோள், மாரத்தானுக்காகப் பெசன்ட் நகரில் திடீரென்று ஓட்டத்தைக் கூட்டிக்கொண்ட ஐம்பது வயதுக்காரரின் குதிகால் ஆகியவை இந்த வகை.

இந்த நாள்பட்ட வலியை ‘வீக்கம்’ என்று நினைத்து அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு ஊசி போடுவது பல பத்தாண்டுகளாக வழக்கத்தில் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால், அத்தகைய தசைநாணிலிருந்து எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் கண்டது வேறு. அழற்சிச் செல்கள் அங்கே மிகக் குறைவாக இருந்தன. குலைந்த கொலாஜனும், முதிராத செல்களும், ஒழுங்கின்றிப் புதிதாக முளைத்த இரத்தக் குழாய்களுமே இருந்தன. ஆறத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன காயம் அது. 2013இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று டென்னிஸ் எல்போ (முழங்கையின் வெளிப்பக்கத் தசைநாண் வலி) உள்ள 165 பேரிடம் ஸ்டீராய்டையும் வெறும் உப்புநீரையும் ஒப்பிட்டது. ஒரு வருட முடிவில் ஸ்டீராய்டு பெற்றவர்களில் 83 சதவீதத்தினரும் உப்புநீர் பெற்றவர்களில் 96 சதவீதத்தினரும் முழுதாகவோ பெருமளவோ குணமடைந்திருந்தனர். வலி திரும்ப வந்தது முன்னவர்களில் 54 சதவீதத்தினருக்கு, பின்னவர்களில் 12 சதவீதத்தினருக்கு மட்டுமே. முதல் சில வாரங்களின் நிம்மதிக்கு ஸ்டீராய்டு வாங்கும் விலை இது. சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: அந்த ஊசிக்குப் பிறகு சில நாட்கள் இரத்தச் சர்க்கரை ஏறிவிடும். 2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. சர்க்கரை நோய் தசைநாண்களையும் பலவீனப்படுத்தும் என்பதால் தோள்வலியோடு வருபவர்களில் அவர்கள் நிறையவே இருக்கிறார்கள். ஸ்டீராய்டுக்கு மாற்று ஒன்றைத் தேட மருத்துவர்களுக்கு நியாயமான காரணம் இருந்தது.

அந்த மாற்றாக வந்ததுதான் பி.ஆர்.பி., அதாவது தட்டணுக்கள் செறிந்த இரத்த நீர். நோயாளியின் முழங்கை மடிப்பில் ஊசி குத்தி, கருவியைப் பொறுத்து சுமார் 15 முதல் 60 மி.லி. வரை இரத்தம் எடுத்து, உறையாமல் இருக்க சிட்ரேட் கலந்து, சுழற்றும் கருவியில் சில நிமிடங்கள் வைப்பார்கள். வெளியே எடுக்கும் குழாயில் மூன்று அடுக்குகள் தெரியும்: அடியில் அடர் சிவப்பாகச் சிவப்பணுக்கள், மேலே வைக்கோல் நிறத்தில் இரத்த நீர், இரண்டுக்கும் நடுவே மெல்லிய வெண்படலம். தட்டணுக்கள் அந்தப் படலத்திலும் அதை ஒட்டியுள்ள இரத்த நீரிலும் திரண்டிருக்கும். அதிலிருந்து 3 முதல் 6 மி.லி. வரை எடுத்து, அல்ட்ராசவுண்டு திரையில் சிதைந்த இடத்தைப் பார்த்தபடி, ஒரே தோல்துளை வழியாக ஊசிமுனையைப் பல திசைகளில் திருப்பித் திருப்பிக் குத்திச் செலுத்துவார்கள். தட்டணுக்களின் உள்ளே உள்ள நுண்பைகள் உடைந்து வளர்ச்சிக் காரணிகள் வெளிவரும். அவை செல்களைப் பெருகச் செய்யும், கொலாஜன் உற்பத்தியைத் தூண்டும், இரத்தக் குழாய்களை வளரச் செய்யும். ஆய்வகத் தட்டுகளில் இவையெல்லாம் நடப்பதை மீண்டும் மீண்டும் காட்டியிருக்கிறார்கள். நின்றுபோன ஆறுதலை மறுபடி கிளப்பிவிடலாம் என்ற எண்ணம் அறிவுக்கு ஒத்ததே.

அறிவுக்கு ஒத்த எண்ணம் நோயாளியின் உடலில் பலிக்கிறதா என்பதை ஒப்பீட்டு ஆய்வுதான் சொல்லவேண்டும். இங்கேதான் கதை சிக்கலாகிறது, பொறுமையாகவும் பார்க்கவேண்டியிருக்கிறது.

முழங்கையில் தொடக்கம் நம்பிக்கையூட்டியது. 2006இல் அமெரிக்காவில் வெளியான முதல் ஆய்வு மிகச் சிறியது. 15 பேருக்கு மட்டுமே தட்டணு ஊசி போடப்பட்டது. நெதர்லாந்தில் 100 பேரிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், ஒரு வருடம் கழித்து வலி குறைந்தவர்கள் பி.ஆர்.பி. பிரிவில் 73 சதவீதம், ஸ்டீராய்டு பிரிவில் 49 சதவீதம். இந்த முடிவுதான் உலகெங்கும் பரவியது. ஆனால் ஸ்டீராய்டு ஒரு வருடத்தில் நிலைமையை மோசமாக்கக்கூடியது என்பதை முன்பே பார்த்தோம். மோசமாக்கும் ஒன்றோடு ஒப்பிட்டால் எதுவும் செய்யாத ஒன்றுகூட நல்லதாகவே தோன்றும். அமெரிக்காவில் 230 பேரை வைத்து நடந்து 2014இல் வெளியான பெரிய ஆய்வில் 12ஆம் வாரம் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 24ஆம் வாரம் தேறியவர்கள் பி.ஆர்.பி. பிரிவில் 83.9 சதவீதம், ஒப்பீட்டுப் பிரிவில் 68.3 சதவீதம் என்று பி.ஆர்.பி. முந்தியது. எனினும் அந்த 24ஆம் வாரக் கணக்கில் இடம்பெற்றவர்கள் 119 பேர் மட்டுமே. மறுபுறம், 2013இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்றில் பி.ஆர்.பி., ஸ்டீராய்டு, உப்புநீர் மூன்றையும் 60 பேரிடம் ஒப்பிட்டபோது மூன்று மாதத்தில் வலியில் வேறுபாடே தெரியவில்லை. இவற்றையும் இன்னும் பலவற்றையும் சேர்த்து, 32 ஆய்வுகள், 2,337 பங்கேற்பாளர்கள் என்ற அளவில் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2021இல் வெளியிட்ட மீளாய்வு, முழங்கை வலிக்கு இந்த ஊசிகள் நோயாளி உணரக்கூடிய அளவுக்கு நன்மை தருவதாகத் தெரியவில்லை என்றே முடித்தது.

குதிகாலில் முடிவு இன்னும் தெளிவு. 2010இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில் 54 பேருக்குப் பி.ஆர்.பி.யோ உப்புநீரோ செலுத்தி, எல்லோருக்கும் ஒரே உடற்பயிற்சியைக் கொடுத்தார்கள். 24 வாரத்தில் 100 புள்ளி அளவுகோலில் முதல் பிரிவு 21.7 புள்ளிகளும் இரண்டாம் பிரிவு 20.5 புள்ளிகளும் முன்னேறின. இரண்டு பிரிவுகளும் நன்றாகவே தேறின என்பதைக் கவனிக்கவேண்டும். தேற்றியது ஊசியில் இருந்த தட்டணுக்கள் அல்ல. பிரிட்டனில் 240 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வும், குதிகால் தசைநாண் கிழிந்த 230 பேரிடம் நடத்தி 2019இல் வெளியான மற்றொரு பிரிட்டன் ஆய்வும் இதையே உறுதிசெய்தன. ஆகவே குதிகால் தசைநாணுக்கு இந்த ஊசி பரிந்துரைக்கப்பட்டால், ஏன் என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு முழுமையாக உண்டு.

இத்தனைக்குப் பிறகும் ‘எனக்குப் போட்டார்கள், சரியாகிவிட்டது’ என்று சொல்பவர்கள் நம்மைச் சுற்றி இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர்கள் மருத்துவரிடம் போகிறார்கள்; உச்சத்திலிருந்து வலி எப்படியும் இறங்கும். டென்னிஸ் எல்போ உள்ளவர்களில் பெரும்பாலோர் ஒரு வருடத்துக்குள் தாமாகவே தேறிவிடுகிறார்கள். ஊசிமுனையால் தசைநாணைப் பல இடங்களில் குத்துவதே புதிய இரத்தக் கசிவை உண்டாக்கி ஆறுதலைத் தூண்டலாம் என்ற கருத்தும் உள்ளது. ஊசிக்குப் பிறகு கட்டாயமாகக் கிடைக்கும் ஓய்வும், படிப்படியான பயிற்சியும் அந்தக் கணக்கில் சேரும். இவற்றையெல்லாம் கழித்துவிட்டு மிஞ்சுவதை அளப்பதற்காகத்தான் உப்புநீர்ப் பிரிவு என்ற ஒன்று தேவைப்படுகிறது.

முடிவுகள் இப்படி முரண்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஒரே பெயரில் வழங்கினாலும் ஓரிடத்து ஊசி மற்றோரிடத்து ஊசி அல்ல. ஒருமுறை சுழற்றுபவர்கள் உண்டு, இருமுறை சுழற்றுபவர்கள் உண்டு. வெள்ளையணுக்களைச் சேர்ப்பவர்கள் உண்டு, விலக்குபவர்கள் உண்டு. 2009இலேயே இவற்றை நான்கு வகையாகப் பிரித்து அழைக்கவேண்டும் என்ற யோசனை வந்தது. வழக்கமாகச் சொல்லப்படும் இலக்கு, மைக்ரோலிட்டருக்குச் சுமார் 10 லட்சம் தட்டணுக்கள். செலுத்தப்பட்டதில் அந்த அளவு இருந்ததா என்பதை எண்ணிப் பார்க்கும் பழக்கம் மருத்துவமனைகளில் பரவலாக இல்லை. டெங்கு வார்டில் தினமும் எண்ணும் ஒன்றை, அதையே மருந்தாகச் செலுத்தும் இடத்திலும் எண்ணச் சொல்வது நியாயமான கோரிக்கைதான். உங்கள் மருத்துவர் எண்ணிச் சொன்னால், அவர் இந்தச் சிகிச்சையை அக்கறையோடு செய்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை பெரிய அச்சம் தேவையில்லை. சொந்த இரத்தம் என்பதால் ஒவ்வாமை அரிது. ஊசி போட்ட பிறகு இரண்டு முதல் ஐந்து நாட்கள் வலி கூடுவது சாதாரணம். கிருமித்தொற்று அரிதாக நேரலாம். அழற்சியை அடக்கும் வகை வலி மாத்திரைகள் தட்டணுக்களின் வேலையைக் கெடுக்கும் என்பதால் முன்னும் பின்னும் சில நாட்கள் அவற்றை நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் இதயத்துக்காக ஆஸ்பிரினோ இரத்தம் உறையாமைக்கான மருந்தோ எடுப்பவர்கள், இதய மருத்துவரைக் கேட்காமல் ஒருநாளும் அவற்றை நிறுத்தக்கூடாது. ‘சொந்த இரத்தம்தானே, தீங்கில்லை’ என்ற வாதம் பெருமளவு உண்மை. அது பயன் உண்டு என்பதற்குச் சாட்சியாகாது. மேலும், காப்பீடு பெரும்பாலும் கைகொடுக்காத நிலையில், தினக்கூலி வாங்கும் ஒருவர் பல ஆயிரம் ரூபாயை மூன்று ஊசிகளுக்காகச் செலவழிப்பதையும் ஒரு தீங்காகவே நான் எண்ணுகிறேன்.

தசைநாணை உண்மையில் மீட்பது படிப்படியாக ஏற்றும் பளு. ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃப்ரெட்சனின் 1998ஆம் ஆண்டு ஆய்வு, குதிகால் தசைநாண் வலியுள்ள 15 ஓட்டக்காரர்களை வைத்து நடந்த சிறிய ஆய்வுதான். ஆனால் அது தொடங்கிவைத்த வழி அடுத்தடுத்த ஆய்வுகளில் நிலைத்தது. மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நில்லுங்கள். இரண்டு கால்களாலும் உந்தி எழும்பி, நல்ல காலை எடுத்துவிட்டு, வலியுள்ள காலில் மட்டும் உடல் எடையைத் தாங்கி, குதிகால் படிக்குக் கீழே இறங்கும்வரை மெல்ல மெல்லத் தாழ்த்துங்கள். மீண்டும் எழும்புவதற்கு நல்ல காலின் உதவியை எடுத்துக்கொள்ளுங்கள். இப்படி 15 முறை கொண்ட மூன்று சுற்றுகளை முழங்காலை நீட்டியும், இன்னொரு மூன்று சுற்றுகளை முழங்காலைச் சற்று மடக்கியும், காலை மாலை இருவேளை, 12 வாரங்கள் செய்யவேண்டும். சற்று வலிக்கும், தாங்கக்கூடிய வலி என்றால் தொடரலாம். எளிதாகிவிட்டால் முதுகுப் பையில் எடை சேர்க்கவேண்டும். இழுவிசையைச் செல்கள் உணர்ந்து, அதன் திசையில் கொலாஜனை அடுக்குவதால்தான் இது பலிக்கிறது. எந்த ஊசியும் அந்தத் திசையைக் காட்டாது. முழங்கைக்கும் தோளுக்கும் இதேபோன்ற பயிற்சிகளை இயன்முறை மருத்துவர் கற்றுத்தருவார். அரசு மருத்துவமனைகளில் இதற்குக் கட்டணமும் இல்லை. மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் முழங்கை வலி விலகவில்லை என்றால், அறுவை சிகிச்சைக்கு முந்தைய ஒரு முயற்சியாகப் பி.ஆர்.பி.யை யோசிப்பதில் தவறில்லை. ஸ்டீராய்டை மீண்டும் மீண்டும் போடுவதைவிட அது மேல். பயிற்சியே செய்யாமல் முதல் வருகையிலேயே ஊசிக்கு நாள் குறிப்பதுதான் எனக்கு ஏற்புடையதாக இல்லை.

செல் சிகிச்சைக்கு வருவோம். இதில் மூன்று வழிகள் பேசப்படுகின்றன. இடுப்பெலும்பின் மஜ்ஜையை உறிஞ்சிச் செறிவூட்டிச் செலுத்துவது முதல் வழி. அந்த மஜ்ஜையில் உள்ள உட்கருச் செல்களில் நாம் தேடும் ஸ்டெம் செல்கள் ஏறக்குறைய 0.001 முதல் 0.01 சதவீதம்தான். கொழுப்புத் திசுவிலிருந்து செல்களைப் பிரித்தெடுப்பது இரண்டாவது. ஆய்வகத்தில் வாரக்கணக்கில் வளர்த்துப் பெருக்கிச் செலுத்துவது மூன்றாவது. பிரான்சில் தோள் தசைநாண் தையலின்போது மஜ்ஜைச் செல்களைச் சேர்த்த 45 பேரையும் சேர்க்காத 45 பேரையும் ஒப்பிட்டு 2014இல் வெளியான ஆய்வு, பத்து வருடத்துக்குப் பிறகும் தையல் நிலைத்தது 87 சதவீதத்துக்கு 44 சதவீதம் என்று காட்டியது. நம்பிக்கை தரும் எண்தான். ஆனால் யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் முடிவாகவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், முழங்கால் தசைநாணிலிருந்து சிறு துண்டெடுத்து, அதன் செல்களைச் சில வாரங்கள் வளர்த்து, 20 பேரின் முழங்கையில் செலுத்தினார்கள். வலி குறைந்தது, வருடங்கள் கழித்தும் குறைந்தே இருந்தது. ஒப்பிட எதிர்ப்பிரிவு இல்லை. இத்தாலியில் கொழுப்புச் செல்களைப் பி.ஆர்.பி.யோடு குதிகாலில் ஒப்பிட்டபோது முதல் மாதத்தில் செல்கள் முந்தின, ஆறாம் மாதத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

இத்துறையின் மிக விரிவான அனுபவம் மனிதர்களிடம் இல்லை, பந்தயக் குதிரைகளிடம் இருக்கிறது. முன்னங்கால் தசைநாண் கிழிந்த குதிரைகளுக்கு அவற்றின் மஜ்ஜைச் செல்களையே வளர்த்துச் செலுத்திய பிரிட்டன் ஆய்வில், மறுபடி காயம்பட்டவை ஏறக்குறைய 27 சதவீதம். முன்பு பதிவான வீதத்தைவிட இது குறைவு. செலுத்திய செல்களில் பெரும்பகுதி சில நாட்களிலேயே அந்த இடத்திலிருந்து மறைந்துவிடுகிறது என்பதையும் விலங்கு ஆய்வுகள் காட்டின. அவை புதிய தசைநாணாக மாறுவதைவிட, சுற்றியுள்ள செல்களுக்குச் சைகைப் புரதங்களை அனுப்பியே வேலை செய்கின்றன என்பது இன்றைய பரவலான கருத்து. ‘புதிய தசைநாண் முளைக்கும்’ என்ற விளம்பர வாசகத்துக்கு இதில் ஆதாரமில்லை.

சட்டமும் இந்த அறிவியல் நிலையை ஒட்டியே நிற்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, இரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சையைத் தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகள் அனைத்தும் ஆராய்ச்சியே. அனுமதி பெற்ற மருத்துவப் பரிசோதனைக்கு வெளியே அவற்றை வழங்குவது நெறியல்ல. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்து, மருத்துவப் பரிசோதனை விதிகள் ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கும் தயாரிப்புகளைப் புதிய மருந்து என்ற வகையிலேயே வைத்துள்ளன. எனவே தசைநாணுக்கு ஸ்டெம் செல் என்று சென்னையில் யாராவது கட்டணப் பட்டியலை நீட்டினால், கேட்கவேண்டியது இரண்டு: நெறிமுறைக் குழுவின் அனுமதி எங்கே, மருத்துவப் பரிசோதனைகளுக்கான தேசியப் பதிவேட்டில் இதன் பதிவு எண் என்ன? அந்தப் பதிவேட்டை இணையத்தில் யாரும் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம். உண்மையான பரிசோதனை என்றால் ஆய்வுக்குரிய சிகிச்சைக்குப் பங்கேற்பாளரிடம் பணம் வாங்கக்கூடாது. ஆய்வால் பாதிப்பு நேர்ந்தால் மருத்துவச் செலவை அவர்களே ஏற்கவேண்டும். ஒப்புதல் படிவம் பங்கேற்பாளருக்குப் புரியும் மொழியில், இங்கே தமிழில், இருக்கவேண்டும். கையெழுத்திடுமுன் அந்தப் படிவத்தை வாங்கி நிதானமாகப் படித்து, வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் காட்டிக் கேட்டுவிட்டு, பிறகு முடிவு சொல்லலாம்.